கதம்பம் பார்த்துத் தைத்த துண்டுத்துணிப் போர்வை

வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை இருக்கும். ரவிக்கை வெட்டிய மிச்சம், பாவாடைக்கு எடுத்ததில் மிஞ்சிய அரை மீட்டர், முந்தி கிழிந்த சுங்குடிச் சேலை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பருத்திச் சட்டை. தூக்கிப் போடவும் மனசு வராது, எடுத்துப் பிரிக்கவும் நேரம் அமையாது. எங்கள் வீட்டு மூட்டை இப்போது போர்வைகளாகக் கட்டில்களில் கிடக்கிறது. துண்டுகளை ஒட்டுப்போட்டு மேல்பக்கம் செய்து, நடுவே பழைய வேட்டியை வைத்து, அடியில் ஒரு சேலையைக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் ஓட்டத் தையல் போட்ட போர்வைகள்.

இதைத் தைக்கச் சொல்லித்தரக் கேட்டு வருகிறவர்களிடம் ஊசியையோ நூலையோ பற்றி நான் முதலில் பேசுவதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் வாங்க என்பேன். தோட்டம் இல்லாதவர்களுக்கு மொட்டை மாடியும் நாலு பூத்தொட்டியும் போதும். துண்டுத்துணிப் போர்வையில் தையல் பாதி வேலைதான். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பது மீதிப் பாதி. அந்தப் பாதியைப் பூச்செடிகளுக்கு நடுவே, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால்தான் சரியாகச் செய்ய முடியும் என்பது என் அனுபவம். டியூப்லைட் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் குழம்பும். அதே துண்டுகளைக் காலை ஏழு மணி வெயிலில் விரித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

நாங்கள் இருப்பது நாகமலைப் புதுக்கோட்டையில். வீட்டுக்குப் பின்னால் தாழ்வாரம், அதைத் தாண்டி ஒரு சின்னக் கொல்லை. மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, வேலியில் சங்குப்பூ, ஓரத்தில் பவளமல்லி மரம், ஓட்டைச் சட்டிகளில் பத்துமணிப்பூ. பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது. மதுரைப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாக இருக்கிற செடிகள்தான். ஆனால் தைக்க உட்கார்ந்த பிறகுதான் இந்தச் செடிகளுக்கெல்லாம் தனித்தனி நேரம் இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. விடியும்போது பவளமல்லி உதிர்ந்து கிடக்கும். செம்பருத்தி காலையில் விரியும். வெயில் ஏறினால் பத்துமணிப்பூ திறக்கும். நாலு மணிக்கு மேல் அந்திமந்தாரை. பொழுது சாய்ந்ததும் முல்லையும் மல்லியும். என் வேலையும் இந்த நேரங்களோடு ஒட்டிக்கொண்டது. விடியற்காலையில் நிறம் பார்த்து அடுக்குவது, வெயில் ஏறியதும் தாழ்வாரத்துக்குள் மிஷின் வேலை, அந்திமந்தாரை விரிகிற நேரத்தில் கைத்தையல். சித்திரை வெயிலில் எட்டு மணிக்கு மேல் வெளியே உட்காரவே முடியாது. வியர்வைக் கையில் ஊசி வழுக்கும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். விரல் நுனியில் கொஞ்சம் முகப்பவுடர் தொட்டுக்கொண்டால் ஊசி பிடிபடும்.

துணி எது எடுக்கலாம், எது கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போர்வை எத்தனை வருடம் உழைக்கும் என்பது இங்கேதான் முடிவாகிறது.

பருத்தி மட்டும்தான். பருத்தியா பாலியஸ்டரா என்று தெரியாத துண்டிலிருந்து நாலு இழை பிரித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். அப்படி மணி கட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் அது சுருங்கிப் பக்கத்துப் பருத்தியையும் இழுத்துவிடும். மதுரை உக்கிரத்தில் அதைப் போர்த்தியும் தூங்க முடியாது.

பழைய சேலையாக இருந்தால் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உட்காருகிற இடமும் மடிப்பு விழுகிற இடமும் கொசுவலை போலத் தெரியும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். இடுப்பில் உள்ளே சொருகுகிற தலைப்பு பெரும்பாலும் புதிது போலவே இருக்கும், நல்ல துண்டுகள் அங்கிருந்துதான் கிடைக்கும். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை இழுத்துப் பார்க்கலாம். இழை விலகினால் அது கரித்துணிக்குத்தான் லாயக்கு.

சுங்குடி எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த கைத்தொழில் அது. துணியைச் சிறுசிறு முடிச்சாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். பிரித்தால் கட்டின இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அச்சுப்போட்டதுதான். முடிச்சுப் போட்டுச் செய்த பழைய சேலையில் புள்ளிகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது, ஓரம் லேசாகப் பிசிறியிருக்கும். அப்படி ஒரு சேலை கிழிந்து உங்கள் வீட்டில் கிடந்தால் அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் காப்பாற்றுங்கள். வெள்ளையும் அடர்நிறமும் ஒரே துண்டில் கலந்து இருப்பதால், சேராத இரண்டு நிறங்களை நடுவே நின்று சேர்த்துவைக்கிற வேலையைச் சுங்குடித் துண்டு செய்யும்.

சாயம் போகிற விஷயத்தில் கவனம் வேண்டும். அரக்கு, கருநீலம், கரும்பச்சை இந்த மூன்றையும் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசுங்கள். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உப்பை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஈரத் துணியை வெள்ளைத் துண்டு ஒன்றில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறாவிட்டால்தான் அது வெட்டத் தயார்.

கடையில் தைக்கிறவர்களிடம் பிட்டு கேட்டு வாங்குவது நல்ல வழி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரங்களில் ரவிக்கை மிச்சம் மூட்டை மூட்டையாகச் சேரும். "அண்ணே, பருத்தி பிட்டு மட்டும் இந்தப் பையில போட்டு வைங்க, வாராவாரம் வந்து எடுத்துக்கிறேன்" என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டு வந்தால் யாரும் மறுப்பதில்லை. அவர்களுக்கும் இடம் காலியாகும். சொன்னபடி வாராவாரம் போய்விட வேண்டும், அதுதான் முக்கியம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் சித்திரைத் திருவிழா உடுப்பு வேலை தொடர்கிறது. அங்கே மிஞ்சுகிற வெட்டுத்துணி பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் சாட்டினும் வெல்வெட்டும் ஜரிகையும் போர்வைக்கு ஆகாது. அந்தத் துணிகளில் இருக்கிற சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று நின்று பார்த்துவிட்டு வரலாம்.

வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி. பழைய துணி துவண்டு கிடக்கும், கத்தரி வைத்தால் நழுவும், சதுரம் சதுரமாக வராது. சோற்றுக் கஞ்சியையோ ஜவ்வரிசிக் கஞ்சியையோ நீர்க்க வடிகட்டி, துணியை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் காகிதம் மாதிரி நிற்கும். வெட்டவும் தைக்கவும் அப்புறம் சுகம். கஞ்சி போட்ட துண்டுகளை மாதக்கணக்கில் அடைத்து வைக்க மட்டும் கூடாது, ராமபாணப் பூச்சி வந்துவிடும். ஒரு போர்வைக்கு வேண்டியதை மட்டும் கஞ்சி போட்டு, உடனே வெட்டி, உடனே தைத்துவிட வேண்டும்.

அளவு இப்படி. ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். தைத்த பிறகு 6 அங்குலச் சதுரமாக நிற்க வேண்டும் என்றால் அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 சதுரம். நெருக்கமாக நெய்த துணிக்குச் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் போதும், அதாவது ஆறரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். கைத்தறியும் பழைய சேலையும் ஓரம் பிரியும் என்பதால் நான் அரை அங்குலம் விட்டு 7 அங்குலத்துக்கு வெட்டுகிறேன். எதை எடுத்தாலும் கடைசிவரைக்கும் அதே அளவு. பழைய காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு, பாவு நூல் (துணியின் நீளவாட்டில் ஓடுகிற இழை) போகிற திசைக்கு நேராக வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுங்கள். கிராஸில் வெட்டின துண்டு தைக்கும்போது இழுபட்டு நீளும். துணிக் கத்தரியைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அருகில் இருக்கிறது என்று அதை எடுத்துக் காம்பு நறுக்கத் தோன்றும். பால் பட்டால் போயிற்று.

இனி அடுக்குவது. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா பல வருடமாக வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுக்கிறவர். உதிரிப்பூவைக் கூடையோடு எடுத்துக்கொண்டு எங்கள் தாழ்வாரத்துக்கு வந்துவிடுவார். நான் துண்டுகளை ஜமக்காளத்தில் பரப்பிக்கொண்டிருப்பேன், அவர் விரல் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகும். முதல் போர்வைக்குச் சிவப்புத் துண்டுகளையெல்லாம் நடுவில் சேர்த்து ஒரு பெரிய பூப்போல வைக்கலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்.

"ஏத்தா, இம்புட்டுச் செவப்பையும் ஒரே எடத்துல குமிச்சா கண்ணு வேற எங்கிட்டுப் போகும்? கதம்பம் கட்டுறப்ப கனகாம்பரத்த அள்ளியா வைக்கிறோம்? மல்லி ரெண்டு கண்ணி, ஒரு பச்சை, அப்புறம் ஒரு கனகாம்பரம். அது தள்ளித்தள்ளி வந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

"சரிக்கா, அப்ப பச்சைக்கு எங்க போறது? பச்சைத்துணி கொஞ்சந்தானே இருக்கு?"

"மரிக்கொழுந்து மட்டுமா பச்சை? வாடுன எலைகூடப் பச்சைதான். அந்தச் சாம்பக் கலரு, அந்தப் பாசிக் கலரு, எல்லாத்தையும் பச்சைக்கு வையி."

அன்றிலிருந்து எனக்கு அதுதான் கணக்கு. கதம்பத்தில் பெரும்பகுதி வெள்ளை. நடுநடுவே மரிக்கொழுந்து, மரு, மாசிப்பச்சை. அங்கங்கே கனகாம்பரமோ ரோஜாவோ. போர்வையிலும் அப்படியே. 150 சதுரத்தில் 75 வெளிர் நிறம். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள், வெளிர் ஊதா, புள்ளி நெருக்கமாக விழுந்த சுங்குடி எல்லாம் இதில் சேரும். 45 நடுத்தர நிறம். இலைப்பச்சை, பாசி, சாம்பல், மயில்கழுத்தின் மங்கல், வெளுத்த நீலம். மீதி 30-தான் கண்ணைக் குத்துகிற நிறம், அரக்கு, கனகாம்பர ஆரஞ்சு, மாம்பழ மஞ்சள், ராணி பிங்க். அடர்நிறத் துண்டு ஒன்றுக்கும் அடுத்த அடர்நிறத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு வெளிர் துண்டாவது வர வேண்டும். ஒரே சேலையிலிருந்து வந்த துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. அவ்வளவுதான் விதி. இதற்கு மேல் விதி போட்டால் போர்வை தரை ஓடு பதித்த மாதிரி ஆகிவிடும்.

செடிகளையும் நின்று பார்க்க வேண்டும். இட்லிப்பூவின் சிவப்பு அத்தனை அழுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் அதைச் சுற்றியிருக்கிற கரும்பச்சை இலை. அதே பூவைப் பறித்து வெள்ளைத் தட்டில் வைத்தால் சிவப்பின் உறைப்பு குறைந்துவிடும். சங்குப்பூவைக் கிட்டத்தில் பார்த்தால் அத்தனை நீலத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை, அந்த வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள். கருநீலத் துண்டு கனமாகத் தெரிகிறது என்று பக்கத்தில் இன்னொரு நீலம் வைத்துச் சமாளிக்கப் பார்ப்போம். பூ என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு நான் அங்கே வெள்ளையும் ஒரு பொட்டு மஞ்சளும் வைக்க ஆரம்பித்தேன். டிசம்பர் பூவின் ஊதாவுக்கும் கனகாம்பரத்தின் ஆரஞ்சுக்கும் ஒத்துவராது என்று துணிக்கடையில் யாரும் சொல்வார்கள். கார்த்திகை மார்கழியில் இரண்டும் சேர்ந்து பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நடுவில் போதுமான பச்சை வேண்டும், அவ்வளவே.

அடுக்கி முடித்ததும் பத்தடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எங்காவது ஒரு இடம் மட்டும் இருட்டாகக் குழி விழுந்த மாதிரித் தெரிந்தால் அங்கே அடர்நிறம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நிறம் போனதும் எது வெளிச்சம், எது இருட்டு என்பது மட்டும் மிஞ்சும்.

ஆடி மாதம் வெளியே அடுக்குகிறவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அம்மியே பறக்கிற காற்றில் துண்டுத்துணி எம்மாத்திரம். கொடியில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, அடியில் செங்கல் கட்டி, அதில் துண்டுகளைக் குண்டூசியால் குத்திவிடுகிறேன். ஜமக்காளம் சொரசொரப்பு என்பதால் துண்டு வழுக்காது. கண்ணுக்கு நேராக நிற்பதால் நிறம் பார்க்கவும் இதுவே நல்லது. இஷ்டப்பட்டபடி அமைந்ததும் ஒவ்வொரு வரிசையையும் எடுத்து அடுக்கி, மேல் துண்டில் வரிசை எண் எழுதின சீட்டைக் குத்திவிட்டால் குழப்பம் வராது. பவளமல்லிக்கு அடியில் மட்டும் துணி விரிக்காதீர்கள். அந்தப் பூவின் காம்பிலிருந்து காவிச் சாயம் இறங்கும், பழைய நாளில் துணிக்கு நிறமேற்றவே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். செம்பருத்தி இதழ் நசுங்கினாலும் கறை விழும். நந்தியாவட்டைப் பக்கம் உட்காரலாம், ஆனால் கிளையை ஒடித்தால் பால் வடியும்.

மிஷின் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 14-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல், பருத்தி நூல். வரிசை வரிசையாக இணைத்து, அப்புறம் வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், இரண்டு வரிசை சேருகிற மூலையில் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் உட்காரும். மூலைகள் நாலும் ஒரே புள்ளியில் சேருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்து மூன்று அடுக்கு. அடித்துணி மேல்பக்கத்தைவிட எல்லாப் பக்கமும் 3 அங்குலம் பெரியதாக, 66-க்கு 96 இருக்கட்டும். சேலையின் அகலம் போதாது, இரண்டு பங்கை இணைத்துக்கொள்ள வேண்டும். நடுவே வைக்கப் பஞ்சு விரிப்பு வாங்கலாம், ஆனால் நம் ஊருக்கு அது தேவைப்படாது. எட்டு முழ வேட்டி இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் ஒரு அடுக்குக்கு நிறையவே வரும். மதுரைக்கு அந்த ஒரு அடுக்கு போதும். கொடைக்கானலில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு அடுக்கு. இலவம்பஞ்சு வேண்டாம், அது தலையணைக்குத்தான். கைத்தையலுக்குள் நிற்காமல் ஒரு மூலையில் போய்ச் சேரும்.

மொட்டை மாடியைப் பெருக்கி, காலை இளவெயிலில் அடித்துணியை உட்பக்கம் மேலாக விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து இழுத்து, அதன்மேல் வேட்டி, அதன்மேல் ஒட்டுப்போட்ட துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவிச் சுருக்கத்தை எடுத்துவிட்டு, பெரிய பெரிய தையலாக ஒரு சாண் இடைவெளியில் தற்காலிகத் தையல் போட வேண்டும். நடுவில் ஆரம்பித்து நாலு பக்கமும் வெளியே போக வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முட்டி வலிக்கிறவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம், கல்லை மட்டும் எடுக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம், சாயங்காலக் கைத்தையல்.

ஒட்டுப்போட்ட துணியை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு சட்டகம் எதுவும் வேண்டாம். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் முறுக்காமல் ஓடும். ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலுக்கு அங்குஸ்தான் என்கிற உலோகத் தொப்பி. முடிச்சைத் துணிக்கு மேல் விடாமல், ஊசி ஏறின இடத்தில் லேசாகச் சுண்டி இழுத்தால் அது உள்ளே போய் வேட்டி அடுக்கில் ஒளிந்துகொள்ளும். மூன்று நாலு தையலை ஊசியில் கோத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. அங்குலத்துக்கு ஐந்து தையல் விழுந்தால் நல்ல தையல். ஒவ்வொரு தையலும் அடித்துணி வரைக்கும் போய்த் திரும்புகிறதா என்று கீழே வைத்திருக்கிற கையின் விரல் நுனிக்குத் தெரியும். கண் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான் செடியைப் பார்த்துக்கொண்டே தைக்க முடிகிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம் விடலாம். நடுவில் இருப்பது நெய்த துணி என்பதால் நகராது, அதற்கு மேல் நெருக்கம் தேவையில்லை.

எங்கள் அப்பத்தா பிறந்த குழந்தைகளுக்குப் பழைய சேலையை நாலாக மடித்து இதே ஓட்டத் தையல்தான் போடுவார். புதுத்துணி குழந்தைக்கு உறுத்தும் என்பார். இந்தத் தையல் ஒரு ஊருக்கு மட்டும் சொந்தம் கிடையாது. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த சித்தி இனப் பெண்கள் தைக்கிற போர்வையை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் நடுவில் ஆரம்பிப்பதில்லை. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிக்கிறார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதை அவர்கள் பூ என்றுதான் சொல்கிறார்கள், பூ வைக்காமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. அவர்களைப் பற்றிப் படித்த பிறகு நானும் மூலைகளுக்கு ஒரு சின்ன முக்கோணம் வைக்க ஆரம்பித்துவிட்டேன். துவைக்கும்போது முதலில் பிய்வது மூலைதான், அந்தப் பலமும் சேர்ந்து கிடைக்கிறது.

கைத்தையல் நேரத்தில் கொல்லைக்கு வருகிற ஒரு விருந்தாளியைச் சொல்லியாக வேண்டும். அத்திக்கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து, அலகால் துளை போட்டு, பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் உள்ளே செலுத்தித் தைத்திருந்தது. ஒவ்வொரு துளைக்கு வெளியிலும் இழை திரண்டு ஒரு குமிழாக நின்றதால் உருவி வராமல் பிடித்துக்கொண்டிருந்தது. நான் உட்காருகிற இடத்தில் உதிர்ந்த பருத்தி நூல் துணுக்குகளைக் கொத்திக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தோட்டத்தில் தைக்கும்போது பருத்தி நூல் மட்டும். பாலியஸ்டர் நூலின் நீளத் துண்டுகளைத் தரையில் விடுவதே இல்லை, குருவிக் காலில் சுற்றிக்கொண்டால் அறுக்க முடியாமல் அவதிப்படும். வெட்டுகிற நுனிகளைப் போட ஒரு டப்பா பக்கத்திலேயே இருக்கிறது.

பொழுது சாயும்போது மல்லி மொட்டுகள் கட்டவிழத் தொடங்கும். மதுரை மல்லிக்கு இதழும் தடிமன், காம்பும் நீளம், பறித்த பிறகும் மொட்டு மெல்லத்தான் விரியும். 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. பங்குனி, சித்திரையில் கொல்லை முழுக்க வாசனையாக இருக்கும். பூ வேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்துவிட வேண்டும், புதுத் தளிரில்தான் மொட்டு வரும். அந்த இரண்டு மாதமும் மல்லி வெறும் குச்சியாக நிற்கும். மழைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து துணி வெட்டுகிற வேலையை நான் அந்த மாதங்களுக்கு வைத்திருக்கிறேன். தை பிறந்து வெளிச்சம் தெளிந்ததும் அடுக்குவது, பூக்கிற காலத்தில் கைத்தையல்.

ஓரத்துக்குப் பட்டி வெட்ட வேண்டியதில்லை, சேலைக் கரை இருக்கிறது. இந்த அளவுப் போர்வைக்குச் சுற்றளவு 300 அங்குலம், அதாவது ஏழரை மீட்டரும் கொஞ்சமும். ஐந்தரை மீட்டர்ச் சேலையின் இரண்டு கரையும் சேர்ந்தால் 11 மீட்டர் வரும். இரண்டரை அங்குல அகலத்துக்குக் கரையை வெட்டி, முதலில் மேல்பக்கம் மிஷினில் தைத்து, பின்பக்கம் மடித்துக் கையால் எம்மிங் செய்தால் ஓரம் பளிச்சென்று நிற்கும்.

முதல் துவையலில் கஞ்சியெல்லாம் இறங்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். பருத்தி கொஞ்சம் சுருங்கி, தையல் கோட்டுக்கு இரண்டு பக்கமும் துணி லேசாக உப்பி வரும், அதுதான் இந்தப் போர்வைக்கு அழகு. நனைந்தால் நல்ல கனம். ஒற்றைக் கொடியில் போட்டால் நடுவில் இழுத்துத் தையல் விடும், இரண்டு கொடியில் பரப்பிப் போடுங்கள். உட்பக்கம் வெளியே தெரிய, நிழலில்.

இப்போது கையில் இருப்பது ஒரு சின்ன விரிப்பு. மகளுக்குத் தை மாதம் பிரசவம். 36-க்கு 36 அங்குலம், மேலும் கீழும் பழைய சேலை மட்டும், நடுவில் வேட்டி கிடையாது. அடர்நிறம் எதுவும் எடுக்கவில்லை. வெளுத்துப்போன மஞ்சளும் சந்தனமும் அப்பத்தா சேலையிலிருந்து ஒரு வரிசைப் பாசிப்பச்சையும். கரை வைத்தால் ஜரிகை குழந்தைத் தோலில் உரசும் என்று ஓரத்துக்கு மெல்லிய வேட்டித் துணியையே கிழித்து மடித்துப் பட்டி போடுகிறேன். மூலையில் பூவையும் தட்டையாக மடித்து, முடிச்சு எதுவும் மேலே வராமல் தைக்க வேண்டும்.